வாசகர் கேள்விகள்: நிலப் பயன்பாடு படிக்க எந்த நாடு?

சென்னைக் கல்லூரி ஒன்றில் இளநிலைப் புவியியல் முடித்து, இரண்டு ஆண்டுகளாக வரைபடத் தகவல் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். நீடித்த நிலப் பயன்பாடு குறித்து வெளிநாட்டில் முதுநிலை படிக்க விருப்பம். ஆலோசனை நிறுவனம் தந்த பட்டியலில் படிப்புகளின் பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. எதைக் கொண்டு தேர்ந்தெடுப்பது?
– வாசகி, மடிப்பாக்கம்

பெயர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வொரு படிப்பின் கட்டாயப் பாடங்களை மட்டும் வாசித்துப் பாருங்கள். நிலப் பயன்பாடு என்ற ஒரே தலைப்பின் கீழ் மூன்று வேறுபட்ட படிப்புகள் நடக்கின்றன. முதலாவது மண், நீர், பயிர் பற்றிய அறிவியல். ஆய்வகமும் களப்பணியும் மிகுந்தது. இரண்டாவது நில உரிமை, அளவை, பதிவு, திட்டமிடல் ஆகியவற்றைச் சார்ந்தது. சட்டமும் வரைபடமும் கலந்தது. மூன்றாவது பொருளியலும் அரசுக் கொள்கையும்.

மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 'லேண்ட் மேனேஜ்மெண்ட் அண்ட் ஜியோஸ்பேஷியல் சயின்ஸ்' இரண்டாவது வகையைச் சேர்ந்தது. கோட்டிங்கன், காசெல் பல்கலைக்கழகங்கள் இணைந்து நடத்தும் 'சஸ்டெய்னபிள் இன்டர்நேஷனல் அக்ரிகல்சர்' முதலாவதையும் மூன்றாவதையும் தழுவியது. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் உள்ள 'இன்டர்நேஷனல் லேண்ட் அண்ட் வாட்டர் மேனேஜ்மெண்ட்' பாசனம், மண் அரிப்பு ஆகியவற்றோடு, தண்ணீர் யாருக்குக் கிடைக்கிறது என்ற சமூகக் கேள்வியையும் சேர்த்தே கற்பிக்கிறது. உங்கள் பணிக்கு மிக அருகில் இருப்பது, அதே நாட்டின் என்ஸ்கெடே நகரில், ட்வென்டே பல்கலைக்கழகத்தின் அங்கமாக உள்ள ஐ.டி.சி. என்ற புவித்தகவல் கல்வி நிறுவனம். டேராடூனில் இருக்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் 1966-இல் தொடங்கப்பட்டதே இதன் ஒத்துழைப்போடுதான் என்பதால், இந்திய வரைபடத் துறையினருக்கு இந்தப் பெயர் புதிதன்று.

மூன்றில் உங்களுடையது எது என்று அறிய வெளியே தேட வேண்டியதில்லை. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்க்கப்பட்ட, ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பரப்புள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் உங்கள் வீட்டுக்கு அருகிலேயே இருக்கிறது. பெருங்குடிக் குப்பை மேட்டிலிருந்து கசியும் நீர் அந்த மண்ணை என்ன செய்கிறது என்று அறியத் தோன்றுகிறதா? அல்லது, எந்தப் புல எண் எப்போது புறம்போக்காக இருந்தது, எப்போது வகை மாறியது என்று பழைய பதிவேடுகளைப் புரட்டத் தோன்றுகிறதா? அல்லது, நீர்நிலையை ஒட்டிய மனையின் விலை ஏறும்போது லாபம் யாருக்கு, வெள்ளத்தின் செலவு யாருக்கு என்ற கணக்கு உங்களை இழுக்கிறதா? எந்தக் கேள்வி உங்களை விடாமல் பிடித்துக்கொள்கிறதோ அந்த வகைப் படிப்புக்கு விண்ணப்பியுங்கள்.

அந்தக் கேள்வியை விண்ணப்பக் கடிதத்திலும் எழுதலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் 10 மீட்டர் துல்லியத்தில் எடுக்கும் படங்கள் இலவசம். வரைபடம் தயாரிக்க உதவும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். இவற்றைக் கொண்டு சதுப்பு நிலத்தின் ஓரத்தில் சில ஆண்டுகளில் நேர்ந்த மாற்றத்தை நீங்களே வரைந்து, இரண்டு பத்தியில் விளக்கினால், "சிறுவயது முதல் இயற்கையை நேசிக்கிறேன்" என்று தொடங்கும் கடிதங்களுக்கு நடுவே உங்களுடையது தனித்துத் தெரியும். அப்படித் தொடங்கும் கடிதங்கள் எத்தனை வருகின்றன என்பதைத் தேர்வுக் குழுவினரைக் கேட்டால்தான் தெரியும்!

ஒரு தடையையும் கவனியுங்கள். மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன; சில நான்காண்டு கேட்கின்றன. கட்டணம் செலுத்துவதற்கு முன்பே சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்துப்பூர்வமான பதிலைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்கிறான் மகன். ஆலோசகரோ பல லட்சம் ஆகும் என்கிறார். யாரை நம்புவது?
– தாய், வில்லிவாக்கம்

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பருவத்துக்குச் சில நூறு யூரோ பங்களிப்பு மட்டும் உண்டு. ஆனால் ஹோஹன்ஹைம், ஃபிரைபுர்க் பல்கலைக்கழகங்கள் அமைந்துள்ள பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ செலுத்துகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 முதல் முதுநிலைப் படிப்புகளுக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ என்று நிர்ணயித்திருக்கிறது. நெதர்லாந்தில் ஆண்டுக்கு 20,000 யூரோவைத் தாண்டும் என்பதோடு ஒப்பிட்டால் இதுவும் குறைவே.

கட்டணம் இல்லாத இடத்திலும் வாழ்க்கைச் செலவு உண்டு. விசாவுக்காக முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோ வைப்பு காட்ட வேண்டும். மாதம் 992 யூரோ வீதம் அங்கு சென்றபின் எடுத்துக்கொள்ளலாம். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு, அவர்களின் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழும் கட்டாயம், அதற்கு 18,000 ரூபாய். ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்ய மாணவர்களுக்கு அனுமதி இருந்தாலும், அந்த வருமானத்தை நம்பி முதல் ஆண்டைத் திட்டமிட வேண்டாம். ஆலோசகரிடம் ஒன்று கேளுங்கள்: அவர் பரிந்துரைப்பது அரசுப் பல்கலைக்கழகமா, தரகுத் தொகை தரும் தனியார் நிறுவனமா? அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாணவர் தாமே இணையத்தில் விண்ணப்பித்துவிடலாம்.

வேளாண் பட்டதாரி நான். பெற்றோர் நிலமற்ற விவசாயக் கூலிகள். கடன் வாங்காமல் வெளிநாட்டில் நிலப் பயன்பாடு படிக்க வழி உண்டா?
– வாசகர், தாம்பரம்

உண்டு, ஆனால் பொறுமை தேவைப்படும். முதலில் எராஸ்மஸ் முண்டஸ்: இரண்டு அல்லது மூன்று ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் மாறி மாறிப் படிக்கும் இந்த முதுநிலைப் படிப்புகளில் உதவித்தொகை கிடைத்தவர்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோவும் கிடைக்கும். மண், காடு, நீர் சார்ந்த படிப்புகள் அப்பட்டியலில் தொடர்ந்து இடம்பெறுகின்றன. பணி அனுபவம் கட்டாயமில்லாததால் உடனே முயலலாம்.

அடுத்தது ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. வழங்கும் 'ஈபாஸ்' உதவித்தொகை. வளரும் நாடுகளின் தேவை சார்ந்த படிப்புகளுக்கு உரியது. ஆனால் பட்டத்துக்குப் பின் குறைந்தது இரண்டு ஆண்டு பணி அனுபவம் வேண்டும், பட்டம் பெற்றுப் பொதுவாக ஆறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. (மேலே எழுதியுள்ள மடிப்பாக்கம் வாசகியும் இதைக் கவனிக்கலாம்.)

மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை, பட்டியல் சாதியினருக்கும் சீர்மரபினருக்கும் உரியதோடு, நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் மரபுக் கைவினைஞர்களுக்கும் சேர்த்து ஒரு பிரிவை வைத்திருக்கிறது. ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றில் உங்கள் பிரிவுக்கு நாடு முழுவதற்குமாக 4 இடங்கள்தாம். எத்தனை கோடிப் பேருக்கு நான்கு என்று எண்ணும்போது கசப்பாகத்தான் இருக்கிறது, ஆயினும் விண்ணப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நீங்கள் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினராக இருந்தால், தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டத்தின் கீழ், அதே வருமான வரம்புக்குள் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை பெறலாம். வருமானச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்; கடைசி வாரத்தில் வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்பது எவருக்கும் உதவாது.

வெளிநாட்டில் நிலப் பயன்பாடு முதுநிலை படித்து முடித்து என் மகள் சென்னைக்குத் திரும்பினால் அரசு வேலை கிடைக்குமா?
– தந்தை, படப்பை

இந்தப் பட்டத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது. அரசுப் பணி அறிவிக்கைகள் குறிப்பிட்ட பட்டங்களைப் பெயர் சொல்லியே கேட்கின்றன. வேளாண்மை அலுவலர் பணிக்கு இளநிலை வேளாண்மைப் பட்டமே அடிப்படை. இந்த முதுநிலை அதற்கு ஈடாகாது. நகரமைப்புப் பட்டம் கேட்கும் இடத்தில் நிலப் பயன்பாட்டுப் பட்டத்தைத் தாமாக ஏற்றுக்கொள்வார்கள் என்றும் கருத வேண்டாம். இந்தியாவில் மேற்கொண்டு ஆய்வோ அரசுப் பணியோ நாடினால் பட்டத்துக்கு இணைச் சான்றிதழும் பெற வேண்டியிருக்கும்.

ஆனால் வேலையே இல்லை என்று பொருளன்று. சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022-இல் விரிக்கப்பட்டது. ஏரிகளும் வரத்துக் கால்வாய்களும் வயல்களும் நிறைந்த பெரும்பரப்பு இதனால் திட்டமிடலுக்குள் வந்திருக்கிறது. 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டத்தின் வேலைகளும் இதைச் சார்ந்தவையே. இத்தகைய பணிகளைப் பெரும்பாலும் ஆலோசனை நிறுவனங்களும் ஆய்வு அமைப்புகளும் ஒப்பந்த அடிப்படையில் செய்கின்றன. சம்பளம் சுமாராக இருக்கலாம், ஓய்வூதியம் கிடையாது.

அங்கேயே சில ஆண்டுகள் பணியாற்ற எண்ணினால், ஜெர்மனியில் படிப்புக்குப் பின் வேலை தேட 18 மாதமும் நெதர்லாந்தில் ஓர் ஆண்டும் தங்க இயலும். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும், உள்ளாட்சி அலுவலகத்திலும் உழவர்களோடும் பழகும் வேலைக்கு ஜெர்மன் மொழி தெரிந்தாக வேண்டும். நுங்கம்பாக்கத்தில் உள்ள மாக்ஸ் முல்லர் பவனில், விமானம் ஏறுவதற்கு ஓர் ஆண்டுக்கு முன்பே உங்கள் மகள் சேர்ந்துவிடுவது நல்லது.