அம்மா எப்போது சாப்பிடுகிறார்?

கேள்வி: எனக்கு 29 வயது. வேலூர் சத்துவாச்சாரியில் அம்மாவுடனும் அண்ணனுடனும் இருக்கிறேன். அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் வேலை. இங்கிலாந்துக் கால்பந்தில், பள்ளி நாளிலிருந்து நான் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன், அவன் லிவர்பூல் ரசிகன். 2024-25 சீசனில் அவர்கள் லீக் பட்டம் வென்று எங்களுடைய 20 பட்டங்களுக்குச் சமமாக வந்துவிட்டார்கள். நாங்கள் ஸ்பெயினின் பில்பாவோவில் நடந்த யூரோப்பா லீக் இறுதிப் போட்டியில் டாட்டன்ஹாமிடம் தோற்று, இங்கிலாந்து லீக்கில் 15-ஆம் இடத்தில் முடித்தோம். மே 25 அன்று உறவினர்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அவன் ‘15’ என்ற எண்ணை மட்டும் போட்டான். நானும் ஆத்திரத்தில் அவனுடைய கடனைப் பற்றி எழுதிவிட்டேன். இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை. அவன் எட்டு மணிக்குச் சாப்பிடுகிறான், நான் ஒன்பதரைக்கு. அம்மா இருவருக்கும் தனித்தனியாகத் தோசை ஊற்றித் தருவதால் வீட்டில் சிக்கல் எதுவும் இல்லை. லிவர்பூல் வீரர் ஜோட்டா இறந்த அன்று மட்டும் அவன் சாப்பிடவில்லை. ஆகஸ்டில் அடுத்த சீசன் தொடங்குகிறது. முதலில் சீண்டியவன் அவன்தானே? நான் எதற்கு இறங்கிப் போக வேண்டும்?

— வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: தம்பி, உங்கள் கடிதம் ஆறு பக்கம். மேலே இருப்பது அதன் சுருக்கம்தான். மீதிப் பக்கங்களில் பயிற்சியாளர் டென் ஹாக் போய் அமோரிம் வந்தது, அவர் வந்ததும் மூன்று பேர் கொண்ட தடுப்பு வரிசைக்கு அணியை மாற்றியது, 38 ஆட்டங்களில் 18 தோல்வி, வெறும் 44 கோல், 42 புள்ளி என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். 1973-74 சீசனில் கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்பட்டதற்குப் பிறகு கிளப் இவ்வளவு கீழே முடித்ததில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறீர்கள். சொந்த அணியின் குறையை இத்தனை நேர்மையாகப் பார்க்கத் தெரிந்த ஒருவருக்குச் சொந்த வீட்டின் அடுக்களை எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

‘தனித்தனியாகத் தோசை ஊற்றித் தருவதால் வீட்டில் சிக்கல் எதுவும் இல்லை’ என்கிறீர்கள். யாருக்குச் சிக்கல் இல்லை?

மே 25 அன்று கத்திரி வெயில் இன்னும் கழிந்திருக்கவில்லை. அந்த நாட்களில் வேலூரில் இரவு பத்து மணிக்கும் சுவரில் கை வைக்க முடியாது என்பதை வேலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த அனலில் உங்கள் அம்மா எட்டு மணிக்குக் கல்லைக் காய வைத்து, பெரிய மகனுக்கு ஊற்றிப் போட்டு, அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறார். ஒன்பதரைக்கு உங்கள் வண்டிக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டதும் மறுபடி பற்ற வைக்கிறார். ஆறிப்போன கல் திரும்பவும் சூடேற வேண்டும். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்து மறுபடி தேய்க்க வேண்டும். முன்னால் அரைத்த தேங்காய்ச் சட்னி அதற்குள் வாடை எடுத்திருக்கும் என்பதால் இன்னொரு பிடி தேங்காய் துருவ வேண்டும். இது ஒரு நாள் அல்ல, அறுபது இரவு. உங்கள் ஆறு பக்கத்தில் பதினொரு ஆட்டக்காரர்களின் பெயர் வருகிறது. அம்மா எப்போது சாப்பிடுகிறார் என்பது ஓர் இடத்திலும் வரவில்லை. மூத்தவனோடு உட்கார்ந்தால் இளையவன் என்ன நினைப்பானோ, இளையவனோடு உட்கார்ந்தால் மூத்தவன் மனம் நோகுமோ என்று அஞ்சி, நீங்களும் கை கழுவிப் போன பிறகு பத்து மணிக்கு நின்றபடியே மிச்ச மாவை ஊற்றித் தின்றுவிட்டுப் படுக்கிற அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்றிரவே கவனித்துப் பாருங்கள்.

இந்தச் சங்கதியில் எனக்குப் பொறுமை குறைவு; காரணம் உண்டு. குடியாத்தம் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் கிணற்றுத் தண்ணீர் முறைக்காகப் பெரியப்பாவும் அப்பாவும் பேச்சை நிறுத்தினார்கள். பாட்டி முன்கட்டில் ஒருவருக்கும் பின்கட்டில் ஒருவருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தார். யாரும் சமாதானம் பேசவில்லை. பாட்டி போடுகிறாரே, பிறகென்ன என்று இருந்துவிட்டார்கள். பாட்டிக்குக் கை நடுங்கத் தொடங்கியதும் பெரியம்மா ஓர் அடுப்பும் என் அம்மா ஓர் அடுப்பும் வைத்துக்கொண்டார்கள். பாகப் பிரிவினை என்பது அதுதான். பத்திரம் பிற்பாடுதான் எழுதினார்கள். உங்கள் வீட்டில் அடுப்பு இன்னும் ஒன்றாக இருக்கிறது என்றால், அதை ஒன்றாக வைத்திருப்பது உங்கள் அம்மாவின் கால்கள்.

இனி, முதலில் சீண்டியவர் யார் என்ற கேள்வி. 15 என்பது உலகமே அட்டவணையில் பார்த்த எண். அண்ணனுடைய கடன் உங்கள் வீட்டுக்குள் இருந்த விஷயம். அதைச் சித்தப்பாவும் அத்தையும் மாமன் பிள்ளைகளும் படிக்கும் இடத்தில் கொண்டுபோய்ப் போட்டவர் நீங்கள். அந்தக் கடன் எதற்காக வாங்கியது என்று எனக்கு எழுதாமல் விட்டுவிட்டீர்கள். மூத்த மகன் தன் பெயரில் கடன் வாங்கினால் அந்தப் பணம் பெரும்பாலும் யாருக்குச் செலவாகியிருக்கும் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் உடன்பட மாட்டேன்.

கேலியைத் தாங்குவது பற்றியும் ஒன்று கேட்கிறேன். லிவர்பூல் 1990-இல் பட்டம் வென்ற பிறகு அடுத்த பட்டத்துக்கு 2020 வரை முப்பது ஆண்டு காத்திருந்தது. அந்த இடைவெளியில் உங்கள் கிளப் 7 பட்டத்திலிருந்து 20-க்கு ஏறியது. 2011-இல் 19-ஆவது பட்டம் வென்று லிவர்பூலின் 18-ஐத் தாண்டியபோது உங்களுக்கு 15 வயது, அண்ணனுக்கு 19. அன்று வீட்டில் நீங்கள் எவ்வளவு ஆட்டம் போட்டிருப்பீர்கள் என்பதை ஊகிக்க எனக்குக் கடிதம் தேவையில்லை. அதற்காக அவர் தம்முடைய சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டாரா?

இந்த இரு கிளப்புகளின் பகை அப்படிப்பட்டது, உண்மையான ரசிகன் யாரும் இறங்கிப் போக மாட்டான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கிளப்பின் பாபி சார்ல்டனுடைய அண்ணன் ஜாக், லீட்ஸ் அணிக்கு ஆடியவர். அதுவும் உங்களுக்குப் பகை அணிதான். 1965-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் லீட்ஸ் அணி மான்செஸ்டர் யுனைடெட்டைத் தோற்கடித்தது. ஆட்டம் முடிந்ததும், தாம் முதன்முறையாக இங்கிலாந்து அணிக்குத் தேர்வான செய்தி ஜாக்குக்குக் கிடைக்க, அவர் அதைத் தம்பியிடம் சொல்லத் தோற்ற அணியின் உடை மாற்றும் அறைக்குள்ளேயே போனார். அடுத்த ஆண்டு உலகக் கோப்பையை இருவரும் சேர்ந்து வென்றார்கள். அதே அண்ணனும் தம்பியும் பிற்காலத்தில் குடும்ப மனத்தாங்கலால் நெடுங்காலம் விலகி வாழ்ந்தார்கள். களத்தில் எதிரெதிரே நின்று ஆடியபோது வராத பிளவு அது. அவர்களாவது எதிரெதிரே நின்று ஆடினார்கள்; நீங்கள் இருவரும் ஒரு பந்தைக்கூட அப்படி உதைக்கவில்லை.

கடைசியாக, நீங்கள் ஒற்றை வரியில் கடந்து போன இடத்துக்கு வருகிறேன். 2025 ஜூலை 3 அன்று ஸ்பெயினில் ஒரு சாலையில் கார் விபத்தில் டியோகோ ஜோட்டா இறந்தார். திருமணம் முடிந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. அதே காரில் அவருடைய தம்பி ஆந்த்ரே சில்வாவும் இறந்தார். போர்ச்சுகலின் கொந்தோமாரில் நடந்த இறுதிச் சடங்கில் லிவர்பூல் அணித் தலைவர் வான் டைக், ஜோட்டாவின் சட்டை எண்ணான 20 பொறித்த மலர் வளையத்தை ஏந்தி வந்தார். பக்கத்தில் ஆண்டி ராபர்ட்சன் ஏந்தி வந்த வளையத்தில் இருந்த எண் 30. அது தம்பியின் எண். அந்தத் தம்பி லிவர்பூலுக்கு ஒரு நாளும் ஆடியதில்லை. அண்ணனின் தம்பி என்ற ஒரே உறவுக்காக அந்த அணி அதைச் சுமந்து வந்தது.

ஜோட்டா இறந்த அன்றிரவு உங்கள் அண்ணன் சாப்பிடாமல் படுத்தார். நீங்கள் அதைக் கவனித்திருக்கிறீர்கள், மறக்காமல் எனக்கு எழுதவும் செய்திருக்கிறீர்கள். அவருடைய அறை வாசலில் போய் நின்று ‘ஒரு தோசையாவது சாப்பிடு’ என்று சொல்ல மட்டும் உங்களுக்கு வாய் வரவில்லை. அண்ணன் பட்டினி கிடந்த வீட்டில் ஒன்பதரைக்கு உட்கார்ந்து உங்கள் பங்கைச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கிறீர்கள். கடிதம் முழுவதும் உங்கள் கிளப்பின் பழைய பயிற்சியாளர் பெர்குசன் ‘அவர்’, அமோரிம் ‘அவர்’, அண்ணன் மட்டும் ‘அவன்’. அண்ணனை ‘அவன்’ என்பது நம் வீடுகளில் உரிமைச் சொல், அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த உரிமை ஜூலை 3 அன்று எங்கே போயிருந்தது?

ஆகவே, ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டாம். குழுவில் எழுதிய கடன் பேச்சுக்கு அதே குழுவில், எல்லாரும் படிக்கும்படி, உங்கள் பெயரில் மன்னிப்புக் கேளுங்கள்; தனியாக அனுப்பும் செய்தி அதற்கு ஈடாகாது. அவர் ‘15’-க்கு வருத்தம் சொல்வாரா என்று எதிர்பார்க்காதீர்கள். அது உங்கள் கணக்கில் வராது. நாளை வேலையிலிருந்து ஏழரைக்கே வீடு திரும்புங்கள். அம்மாவையும் அண்ணனையும் உட்கார வைத்துவிட்டு, கரண்டியை நீங்கள் எடுங்கள். பழக்கமில்லாத கைக்கு முதல் தோசை கல்லோடு ஒட்டிப் பிய்ந்துதான் வரும்; அதை உங்கள் தட்டில் போட்டுக்கொண்டு, இரண்டாவதை அண்ணனுக்கு வையுங்கள்.