கெண்டைக் குளத்தில் கெளுத்திக் குஞ்சு: டி.என்.ஏ. சோதனை எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

கேள்வி: கெண்டைக் குஞ்சு வாங்கி விட்டு மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் வளர்ச்சி பார்ப்பதற்காக மாதிரி வலை இழுத்தபோது, மீசை வைத்த கறுத்த மீன் ஏழெட்டு சேர்ந்து வந்தது. எல்லாம் விரல் நீளம்தான். ஒருவர் நாட்டுக் கெளுத்தி என்கிறார், இன்னொருவர் ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று பயமுறுத்துகிறார். தண்ணீர் வரும் வாய்க்காலில் டேங்க் கிளீனர் மீனும் (கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்ய வளர்க்கும் மீன்) இருக்கிறதாம். ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து அனுப்பினால், குளத்தில் என்னென்ன மீன் இருக்கிறது என்று டி.என்.ஏ. சோதனையில் தெரிந்துவிடும் என்கிறார்கள். நம்பலாமா? எப்படி அனுப்புவது?

பதில்: வலையில் வந்த அந்த ஏழெட்டு மீனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குளத்திலோ வாய்க்காலிலோ திரும்ப விடவே விடாதீர்கள். நீங்கள் அனுப்ப நினைக்கிற பாட்டில் தண்ணீரைவிட அந்த மீன்கள்தான் இப்போது பெரிய சான்று. கையில் மீன் இருந்தால் மீனைத்தான் சோதிக்க வேண்டும். தண்ணீர்ச் சோதனை, கண்ணில் படாத மீனைத் தேடுவதற்கு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்வதால் பலருக்குப் பணமும் போய், பதிலும் கிடைக்காமல் போகிறது.

இருவர் இரண்டு விதமாகச் சொன்னதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி ஒரு மீட்டருக்கு மேல் வளரும். வளர்ந்த மீனில் பளிங்குக்கல் மாதிரித் திட்டுத் திட்டான நிறம் தெரியும். விரல் நீளத்தில் இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் நான்கு ஜோடி மீசை, இரண்டுமே மேலே வந்து காற்றைக் குடிக்கும். தலைக்குப் பின்னால் இருக்கும் எலும்பின் வடிவத்தை வைத்துப் பிரிப்பதுண்டு. ஆனால் குஞ்சில் அதைப் பார்த்து உறுதியாகச் சொல்ல நல்ல பழக்கம் உள்ளவர்களே தயங்குவார்கள். முட்டை, நுண்குஞ்சு, வெட்டிய துண்டு என்று கண் கைவிடுகிற இடங்களில்தான் டி.என்.ஏ. பார்கோடிங் உதவுகிறது.

அதன் அடிப்படை எளிதானது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட் குழுவினர் 2003இல் முன்வைத்த யோசனை இது. விலங்குகளின் உயிரணுவில் உள்ள மைட்டோகாண்ட்ரியாவில் சி.ஓ.1 என்று ஒரு மரபணு இருக்கிறது. அதில் ஏறத்தாழ 650 எழுத்து (டி.என்.ஏ.வின் அடிப்படை அலகை எழுத்து என்பார்கள்) நீளமுள்ள ஒரு பகுதியைப் படித்தாலே, பெரும்பாலான விலங்குகளை இனம் பிரித்துவிடலாம் என்றார்கள். மீனில் இது நன்றாகவே பலித்தது. ஆஸ்திரேலிய மீன்கள் 207 இனங்களை வைத்து 2005இல் வெளியான ஆய்வில், ஒரே இனத்து மீன்களுக்குள் இந்த எழுத்துகள் சராசரியாக 0.39 சதவீதம்தான் மாறியிருந்தன. ஒரே பேரினத்தைச் சேர்ந்த வெவ்வேறு இனங்களுக்கு இடையே 9.93 சதவீதம் மாறியிருந்தன. இந்த இடைவெளியை நம்பித்தான் முழு முறையும் நிற்கிறது. உங்கள் மீனின் எழுத்து வரிசையை, ஏற்கெனவே பெயர் தெரிந்த மீன்களின் வரிசைகள் சேர்த்து வைத்திருக்கும் தரவுத்தளத்தோடு ஒப்பிடுவார்கள். எதோடு ஒட்டிப் போகிறதோ அந்தப் பெயர் வரும்.

சரி, மாதிரி எடுப்பது எப்படி? சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் இல்லை, கரையிலேயே கெட்டுவிடுகிறது. முதலில் மீனின் இடப்பக்கம் மேலே தெரியும்படி வைத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைத்துப் படம் எடுங்கள். கெளுத்தியின் பக்கத் துடுப்பில் முள் இருக்கும், குத்தினால் கடுக்கும்; ஈரத் துணியால் பிடியுங்கள். பிறகு வலப்பக்கத் துடுப்பிலிருந்து பச்சைப்பயறு அளவுக்கு ஒரு துண்டு வெட்டினால் போதும். இடப்பக்கம் படத்துக்கு, வலப்பக்கம் கத்தரிக்கு என்பது மீன் ஆய்வாளர்களின் வழக்கம். துண்டைச் சிறு குப்பியில் போட்டு, அதைப்போல் பத்து மடங்காவது 95 சதவீத எத்தனால் ஊற்றுங்கள். தண்ணீர் கலந்த ஆல்கஹால் வேண்டாம். ஒரு நாள் கழித்து அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவது நல்லது, ஏனென்றால் துண்டில் இருக்கும் ஈரம் ஆல்கஹாலை நீர்த்துப்போகச் செய்துவிடும். குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்து, எந்தக் குப்பி எந்த மீனுடையது என்றே தெரியாமல் போகும். ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவே கத்தரியைத் துடைத்து நெருப்பில் காட்டி, ஆறவிட்டு எடுங்கள். எத்தனால் குப்பியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுச் செய்யுங்கள், அது சட்டென்று பற்றிக்கொள்ளும். மீதி உடலை அதே எண்ணோடு உறைபெட்டியில் வையுங்கள். முடிவு சந்தேகமாக வந்தால் திரும்பிப் பார்க்க மீன் இருக்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஃபார்மலினில் போடாதீர்கள். உருவம் கெடாமல் இருக்கும், ஆனால் டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். அழகான பாட்டிலில் ஃபார்மலினில் மிதக்கிற மீனை அக்கறையோடு எடுத்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைத் திருப்பி அனுப்பும்போது மனசு கேட்காது. எத்தனால் கிடைக்காவிட்டால் மீனை ஐஸில் வைத்து எடுத்துப்போய் உடனே உறைய வையுங்கள், அதுவே போதும்.

ஏழெட்டு மீனில் ஒன்றை மட்டும் அனுப்பாமல் மூன்று நான்கையாவது அனுப்புங்கள். இரண்டு இனமும் கலந்து வந்திருக்கலாம்.

அறிக்கை வந்ததும் மேலே இருக்கும் பெயரை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிடாதீர்கள். எத்தனை சதவீதம் பொருந்துகிறது, எத்தனை எழுத்துகளுக்குப் பொருந்துகிறது, இரண்டாவதாக வந்த இனம் எது என்று பாருங்கள். 99 சதவீதத்துக்கு மேல், 600 எழுத்துக்கு மேல், அடுத்த இனம் வெகுதூரம் தள்ளி நிற்கிறது என்றால் நம்பலாம். 93 சதவீதம் என்று வந்தால், அந்த இனம் தரவுத்தளத்திலேயே இல்லாமல் அதன் உறவுக்கார இனம் வந்து நிற்கிறது என்றுதான் பெரும்பாலும் பொருள். தரவுத்தளத்தில் தவறான பெயரோடு ஏறிய பதிவுகளும் உண்டு. கெளுத்தியில் இந்தச் சிக்கல் கூடுதல். ‘கிளாரியஸ் பட்ராக்கஸ்’ என்ற பெயரில் ஆசியா முழுக்கப் பல மீன்களைப் பதிவு செய்துவிட்டார்கள். உண்மையில் அந்தப் பெயர் ஜாவாத் தீவு மீனுக்கு உரியது. இந்தியப் பகுதியில் இருப்பது ‘கிளாரியஸ் மாகுர்’ என்று இப்போது தனியாகப் பிரித்திருக்கிறார்கள். எனவே பழைய பதிவோடு பொருந்தி ‘பட்ராக்கஸ்’ என்று வந்தால் மிரள வேண்டாம். உங்களுக்கு முக்கியமான கேள்வி, அது ‘கிளாரியஸ் கேரிபைனஸ்’, அதாவது ஆப்பிரிக்கக் கெளுத்தியா இல்லையா என்பதுதான். அதற்கு இந்தச் சோதனை தெளிவான பதில் தரும்.

ஆனால் ஓர் இடத்தில் சறுக்கும். அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் மட்டும் வருவது. தாய் ஓர் இனம், தகப்பன் வேறு இனம் என்றால், பார்கோடு தாயின் பெயரை மட்டுமே சொல்லும். தாய்லாந்தில் பரவலாக வளர்க்கப்படும் கலப்பினக் கெளுத்தியில் தாய் அந்த ஊர்க் கெளுத்தி, தகப்பன் ஆப்பிரிக்கக் கெளுத்தி. அதைப் பார்கோடு செய்தால் ‘உள்ளூர் மீன்’ என்றே வரும். உடம்பில் பாதி ஆப்பிரிக்கக் கெளுத்தி இருப்பது அறிக்கையில் தெரியாது. ஆகவே அறிக்கை நாட்டு இனம் என்று சொல்லி, மீனோ கூட இருப்பதைவிட வேகமாக வளர்ந்துகொண்டு போனால் விட்டுவிடாதீர்கள். உட்கருவில் உள்ள ஒரு மரபணுவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது தாய், தகப்பன் இருவரையும் காட்டும். ஜிலேபி கெண்டையிலும் இனக்கலப்பு அதிகம் என்பதால் இதே எச்சரிக்கை பொருந்தும்.

டேங்க் கிளீனருக்கு டி.என்.ஏ. செலவே வேண்டாம். உடம்பு முழுக்க எலும்புத் தகடு, அடிப்பக்கம் உறிஞ்சும் வாய். ஒன்று வலையில் சிக்கினால் சிறு பிள்ளைகூடச் சொல்லிவிடும். அவற்றில் நெருங்கிய சில இனங்கள் தங்களுக்குள் கலந்துபோயிருப்பதால் பார்கோடால் சரியாகப் பிரிக்கவும் முடியாது. உங்களுக்கு அந்தப் பிரிவினையால் ஒரு பயனும் இல்லை, எதுவானாலும் கரையைத் துளைக்கத்தான் போகிறது.

இனி தண்ணீர்ச் சோதனைக்கு வருகிறேன். மீன் உதிர்க்கும் சளி, செதில், கழிவு எல்லாவற்றிலும் அதன் டி.என்.ஏ. இருக்கும். அதைத் தண்ணீரிலிருந்து வடிகட்டி எடுப்பதைச் சுற்றுச்சூழல் டி.என்.ஏ. என்கிறார்கள். பிரான்சில் குளங்களுக்குள் புகுந்த அமெரிக்கக் காளைத்தவளையை 2008இல் இப்படிக் கண்டுபிடித்துக் காட்டிய பிறகுதான், வேற்றிடத்து உயிரினங்களைத் தேட இது பரவலாயிற்று. தண்ணீரில் கிடக்கும் டி.என்.ஏ. சிதைந்து கிடப்பதால் 650 எழுத்தைப் படிக்க முடியாது. 100, 200 எழுத்துச் சிறு துண்டுகளைத்தான் படிப்பார்கள். துண்டு சிறிதாகும்போது நெருங்கிய இனங்களைப் பிரிக்கும் திறனும் குறையும்.

குளத்து நீரில் வேறு தொல்லைகளும் உண்டு. கலங்கல் நீர் வடிகட்டியை அடைத்துவிடும். மக்கிய இலைதழையின் சாறு, டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கும் பி.சி.ஆர். வினையையே தடுத்துவிடும், அப்போது மீன் இருந்தும் ‘இல்லை’ என்று வரும். வெயிலிலும் வெப்பத்திலும் டி.என்.ஏ. சீக்கிரம் அழியும். மறுபக்கம், மீனே இல்லாமல் டி.என்.ஏ. மட்டும் வந்து சேரவும் வழி இருக்கிறது: பறவை எச்சம், அடுத்த குளத்தில் நனைந்த வலை, செத்த மீன், ஏன், நீங்கள் போடும் தீவனத்தில் உள்ள மீன்தூள்கூட. அமெரிக்காவில் சிகாகோ கால்வாய்களில் பெருந்தலைக் கெண்டையும் வெள்ளிக் கெண்டையும் பேரேரிகளை (கிரேட் லேக்ஸ்) நோக்கிப் போகாமல் தடுக்க மின்வேலி போட்டிருக்கிறார்கள். வேலிக்கு அப்பாலும் அவற்றின் டி.என்.ஏ. தண்ணீரில் கிடைத்தது. உயிருள்ள மீனா, பறவையும் படகும் கொண்டுவந்த மிச்சமா என்று பெரிய வாதமே நடந்தது. 2010 ஜூனில் வேலிக்கு அப்பால் கலுமெட் ஏரியில் ஒரு பெருந்தலைக் கெண்டை உயிரோடு பிடிபட்டது. அத்தனைக்குப் பிறகும், கிடைத்த டி.என்.ஏ. எல்லாம் உயிருள்ள மீனிலிருந்துதான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அதனால் தண்ணீர்ச் சோதனையை உங்கள் குளத்துக்குச் செய்யாதீர்கள். அங்கே கெளுத்தி இருப்பது தெரிந்த விஷயம். வாய்க்காலுக்குச் செய்யலாம், தண்ணீர் திறக்கும் முன். நாலைந்து இடங்களில் தனித்தனியாக, புதுக் கையுறை போட்டு, புதுப் பாட்டிலில் எடுங்கள். கூடவே சுத்தமான குடிநீரை அதே மாதிரிப் பாட்டிலில் கரையிலேயே ஊற்றி, அதையும் சேர்த்து அனுப்புங்கள். அந்தக் குடிநீரிலும் கெளுத்தி என்று வந்தால், எங்கோ கை பட்டுக் கலந்திருக்கிறது என்று அர்த்தம், மற்ற முடிவுகளையும் நம்ப முடியாது. பாட்டிலை இருட்டில், ஐஸில் வைத்து அன்றே வடிகட்டக் கொடுக்க வேண்டும். எந்த இனத்தைத் தேட வேண்டும் என்று ஆய்வுக்கூடத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மீனுக்குப் போடும் பிரைமர் (தேடும் மரபணுவில் போய் ஒட்டும் சிறு டி.என்.ஏ. துண்டு) வேறு, நத்தைக்குப் போடுவது வேறு, ஆகாயத்தாமரை போன்ற களைக்குப் பார்க்கும் மரபணுவே வேறு. ‘எல்லாவற்றையும் பாருங்கள்’ என்று ஒரே சோதனையைக் கேட்க முடியாது.

இதைவிட நல்ல இடம் ஒன்று இருக்கிறது: குஞ்சு வந்த ஆக்சிஜன் பைத் தண்ணீர். சிறிய அளவு நீரில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் பல மணி நேரம் இருந்திருக்கும், டி.என்.ஏ. செறிவாக இருக்கும். அமெரிக்கப் பேரேரிப் பகுதியில் தூண்டில் இரைமீன் விற்கும் கடைகளின் தொட்டித் தண்ணீரை இப்படிச் சோதித்து, கலந்து வந்த வேற்று இனங்களைத் தேடியிருக்கிறார்கள். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பதானால் கணக்கு இதுதான்: நூற்றுக்கு ஒரு குஞ்சு கலந்திருந்தால், அதில் ஒன்றாவது கையில் அகப்பட 95 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் ஏறத்தாழ 300 குஞ்சைப் பார்க்க வேண்டும். 50 மட்டும் பார்த்தால் வாய்ப்பு 40 சதவீதம்தான். ஆனால் பைத் தண்ணீரில் கெளுத்தி என்று வந்தால், பையில் கெளுத்தி இருக்கிறது என்று உடனே சொல்லிவிடாதீர்கள். குஞ்சுப் பண்ணையில் பக்கத்துத் தொட்டியில் அது இருந்தாலும் அப்படி வரும். எப்படி இருந்தாலும் அந்தக் குஞ்சைத் தனித் தொட்டியில் இரண்டு வாரம் வைத்துப் பார்க்காமல் குளத்தில் விடக் கூடாது.

அறிக்கை வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். உள்ளே வரும் மடை, வெளியேறும் மடை இரண்டிலும் நெருக்கமான கண்ணுள்ள வலையைக் கட்டுங்கள். கெளுத்தி ஈரமான இரவில் தரையில் ஊர்ந்து போகும், எனவே மழைக்கு முன் கரையைச் சுற்றி முழங்கால் உயரத்துக்காவது வலைத்தடுப்பு வையுங்கள். குளத்துத் தண்ணீரை வாய்க்காலில் வடிக்காதீர்கள். புதுக் குஞ்சும் விடாதீர்கள், அவற்றுக்கு இரையாகத்தான் போகும்.

நாட்டு இனம் என்று வந்தால், வலை போட்டுப் பிடித்துத் தனியாக வளர்க்கலாம் அல்லது உணவுக்கு எடுத்துக்கொள்ளலாம். குளத்தை வற்றவைக்கத் தேவையில்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி என்றால், கெண்டைகளை அறுவடை அளவு வந்ததும் சீக்கிரமே பிடித்துவிட்டு, குளத்தை முழுக்க வற்றவைத்து, சேறு வெடிக்கும்வரை காய விடுங்கள். வலையை மட்டும் நம்பினால் சேற்றுக்குள் பதுங்கியது மிஞ்சிவிடும். மீன்வளத் துறைக்கும் தகவல் சொல்லுங்கள், வாய்க்காலில் கீழே இருப்பவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும். குளம் காய்ந்திருக்கும்போதே கரையில் டேங்க் கிளீனர் தோண்டிய பொந்து இருக்கிறதா என்று பாருங்கள். கைவிட்டால் முழங்கை போகும் ஆழத்துக்கு இருக்கும், சில இன்னும் ஆழம். களிமண் வைத்து இடித்து அடைத்த பிறகு தண்ணீர் விடுங்கள்.

ஆய்வுக்கூடம் அறிக்கையை மட்டும் தந்தால் போதாது, எழுத்து வரிசை உள்ள கோப்பையும் கேட்டு வாங்குங்கள். படங்களோடு சேர்த்து அனுப்பினால் நானும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.