அச்சுறுத்தல் ஏமனில் என்றால் 2013-இல் அத்தனை தூதரகங்களை ஏன் மூடினார்கள்?

அப்போது தெரியவந்த தாக்குதல் சதி ஏமனிலுள்ள அல்-கொய்தா கிளையைச் சார்ந்ததாக இருந்தாலும், தாக்கப்படும் இடம் எதுவென்று உறுதியாகத் தெரியாததால்தான், அமெரிக்கா 2013 ஆகஸ்ட் 4 அன்று மத்தியக் கிழக்கிலும் வட ஆப்பிரிக்காவிலும் பல தூதரகங்களை ஒருசேர மூடியது.

முந்தைய செப்டம்பரில் லிபியாவின் பெங்காசியில் அமெரிக்கத் தூதர் கிறிஸ்டோபர் ஸ்டீவன்சும் வேறு மூவரும் கொல்லப்பட்டதும் இந்த முன்னெச்சரிக்கைக்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும். அந்த உயிரிழப்புக்குப் பிறகு இதை மிகையென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆபத்து எங்கே அதிகம் இருந்தது என்று அறிய, மூடல் பட்டியலோடு நிற்காமல், ஊழியர்களை எங்கிருந்து வெளியேற்றினார்கள் என்று பாருங்கள்: ஏமனும், தனி அச்சுறுத்தலுக்கு உள்ளான பாகிஸ்தானின் லாகூரும் தென்படும்.

ஆனால், மூடியிருந்த நாட்களைக் கொண்டு ஆபத்தை அளக்க வேண்டாம். நோன்புப் பெருநாள் விடுமுறைக்காகப் பல அலுவலகங்கள் எப்படியும் மூடியிருக்கும். ஆகஸ்ட் 11 அன்று பெரும்பாலானவை திறந்தன; ஏமன் தலைநகர் சனாவிலிருந்த தூதரகம் திறக்கவில்லை.