பிலிப்பைன்ஸில் மனைவியின் ஊரில் சிறுதொழில்: எதில் இறங்கலாம், என்ன கவனிக்க வேண்டும்?

துபாயில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: மனைவி பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவர், இரண்டு பேர் சேமிப்பையும் போட்டு அவர் ஊரில் சிறியதாக ஒரு தொழில் தொடங்க ஆசை, எதில் இறங்கலாம் என்று. வந்திருக்கும் பதில்கள் எல்லாம் எந்தப் பிரான்சைஸ் எடுக்கலாம், எதில் லாபம் அதிகம் என்றே போகின்றன. என் மனைவி டாவோ நகரில் டோரில் பகுதியில் ஒரு சாரி-சாரி கடை நடத்துகிறாள். எங்கள் பெண்ணின் பள்ளிச் செலவு முழுக்க அந்தக் கடையில் இருந்துதான் போகிறது. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோக மனசு வரவில்லை.

முதலில் ஒரு விஷயம். இது உங்கள் தொழில் இல்லை, உங்கள் மனைவியின் தொழில். இதைச் சட்டமே சொல்கிறது. சில்லறை வியாபாரத்தில் வெளிநாட்டுக்காரர் இறங்க வேண்டுமென்றால் குறைந்தது 2.5 கோடி பெசோ மூலதனம் காட்ட வேண்டும். 2021 டிசம்பரில் வந்த குடியரசுச் சட்டம் 11595 குறைத்த பிறகு உள்ள தொகைதான் இது. நிலமும் வெளிநாட்டவர் பெயரில் வாங்க முடியாது, அது 1987 அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. "மனைவி பேரில் போட்டுவிட்டு நாம பாத்துக்கலாம்" என்று சிலர் சொல்வார்கள். பினாமியாக ஆளை நிறுத்தி வெளிநாட்டவர் தொழில் நடத்துவதைத் தண்டிக்க அங்கே தனிச் சட்டமே உண்டு. மனைவி உண்மையாகவே முதலாளியாக இருந்தால் ஒரு சிக்கலும் இல்லை. அவர் முடிவெடுக்க வேண்டும், கல்லாச் சாவி அவரிடம் இருக்க வேண்டும், கணக்கு நோட்டு அவர் கையெழுத்தில் இருக்க வேண்டும்.

பெண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்று கீழே யாராவது எழுதுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன், வீட்டு வாடகையும் சாப்பாட்டுச் செலவும் என் சம்பளத்தில்தான். கடை அவளுடையது, அதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான்.

சாரி-சாரி கடை என்றால் நம் ஊர்ப் பெட்டிக்கடை. வீட்டின் முன்பக்க ஜன்னலில் கம்பி வலை அடித்து, உள்ளே நின்று வியாபாரம். ஷாம்பு, காபி எல்லாம் சாஷேயில் சரம் சரமாகத் தொங்கும். எண்ணெய், வினிகரைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் அளந்து முடிந்து வைத்திருப்பார்கள். பூண்டு ஒன்றிரண்டு, சிகரெட் ஒன்று, முட்டை ஒன்று என்றுதான் கேட்பார்கள். இப்படி உதிரியாக விற்பதற்கு அங்கே 'திங்கி' என்று பேர், வாடிக்கையாகக் கடைக்கு வருபவர் 'சூக்கி'. கூடவே மொபைல் ரீசார்ஜ், ஜிகேஷ் என்ற மொபைல் பணப்பையில் பணம் போட எடுக்க, ஐஸ், காசு போட்டால் வைஃபை தரும் பெட்டி. வெளிநாட்டில் இருந்து திரும்பிய ஒவ்வொருவரும் முதலில் யோசிப்பது இந்தக் கடையைத்தான். ஒரே தெருவில் நாலைந்து இருக்கும், அதில் பாதி அடுத்த வருஷம் இருக்காது.

மூடிய கடைகளை எல்லாம் பார்த்திருக்கிறேன். விற்பனை இல்லாமல் மூடியது குறைவு. சரக்கு எல்லாம் விற்றுப் போயிருக்கும், காசு மட்டும் வந்திருக்காது. காசு முழுக்க 'லிஸ்தா'வில் இருக்கும். லிஸ்தா என்றால் கடன் நோட்டு. அந்த ஊரில் சம்பளம் 15ஆம் தேதியும் மாதக் கடைசியுமாக இரண்டு தவணையில் வரும். 15க்கு முந்தின மூன்று நாலு நாளும், மாதக் கடைசிக்கு முந்தின மூன்று நாலு நாளும் தெருவே காய்ந்து கிடக்கும். அந்த நாட்களுக்கு 'பெட்சா டி பெலிக்ரோ' என்றே பேர் வைத்திருக்கிறார்கள், ஆபத்தான தேதிகள் என்று அர்த்தம். "ஆத்தே, லிஸ்தாவில் எழுதிக்கங்க" என்று வந்து நிற்பார்கள். ஆத்தே என்றால் அக்கா. அக்கா என்று கூப்பிட்டு, கையில் குழந்தையோடு, ஒரு டின் மத்தி மீனுக்கு நிற்பவரிடம் இல்லை என்று சொல்ல யாருக்கு வரும்? பக்கத்து வீட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எதிரே உட்காருகிறவர், நம் பிள்ளைக்கு ஞானஸ்நானத் தாய்.

என் மனைவி லிஸ்தாவே கிடையாது என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் கடைக்கு யாரும் வர மாட்டார்கள், அடுத்த ஜன்னலுக்குப் போய்விடுவார்கள். அரிசி, முட்டை, மத்தி டின், பால் பவுடர் இதற்கு மட்டும் கடன். சிகரெட், பீர், ரீசார்ஜ், ஜிகேஷுக்கு யார் கேட்டாலும் கிடையாது. ரீசார்ஜில் நூறு பெசோவுக்கு ஒன்றிரண்டு பெசோதான் நிற்கும், அதைக் கடன் கொடுத்துவிட்டு எதை எடுப்பது? பழைய கணக்கு தீர்ந்தால்தான் புதுப் பக்கம். 15ஆம் தேதி சாயங்காலம் அவளே நோட்டோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். யாரையும் கூப்பிட மாட்டாள். ஆலையில் இருந்து திரும்புகிறவர்கள் அவளைப் பார்த்ததும் தாங்களே வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். இரண்டு சம்பள நாள் தாண்டியும் வராதவரின் நோட்டுப் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டுவிடுவாள். அந்தக் காசைக் கேட்டுப் போகமாட்டாள், அந்த வீட்டுக்கு மறுபடி கடனும் இல்லை. சண்டை கிடையாது.

அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது சொந்தக்காரர்கள்தான். மச்சினன் வருவான், கூல் டிரிங்க் ஒன்றை உடைத்துக் குடிப்பான். மாமியார் சோப்பு எடுப்பார். வீட்டு மனிதர்களிடம் எப்படிக் காசு கேட்பது? அவள் கேட்டாள். வீட்டுக்கு என்று நாங்கள் எடுக்கும் முட்டைக்குக்கூடக் கல்லாவில் காசு போடுவோம். நானும் போடுகிறேன். அதைப் பார்த்த பிறகு மச்சினனால் வாய் திறக்க முடியவில்லை. உங்கள் மனைவி துபாயில் இருந்து போகிறவர் என்பதால் இந்தத் தொல்லை இரண்டு மடங்காக இருக்கும். வெளிநாட்டில் இருந்து வந்தவரிடம் பணம் தீரவே தீராது என்று அங்கே எல்லோருக்கும் நினைப்பு.

அடுத்தது நீங்கள் வாங்கும் கடன். '5-6' என்று கேள்விப்படுவீர்கள். நம் ஊர்த் தண்டல் வட்டிதான், வேறெதுவும் இல்லை. 5 வாங்கினால் 6 கொடுக்க வேண்டும். 5,000 பெசோ வாங்கினால் தினம் 100 வீதம் 60 நாளில் 6,000. கேட்டால் சுலபமாகத் தெரியும். கையெழுத்து இல்லை, ஜாமீன் இல்லை, காலையில் கேட்டால் மத்தியானம் பணம். ஆனால் முதல் நாளில் இருந்தே தவணை கட்டுவதால் முழு 5,000 ஒரு நாள்கூட உங்கள் கையில் இருப்பதில்லை. கணக்குப் பார்க்கிறவனாகச் சொல்கிறேன், சராசரியாகக் கையில் நிற்பது அதில் பாதிதான், வட்டியோ முழுத் தொகைக்கு. மழை பெய்து கடை படுத்த நாளிலும் 100 எடுத்து வைக்க வேண்டும். சரக்கு வாங்கும் பணத்தில் இருந்துதான் அது போகும்.

இதற்கு மாற்றாகத்தான் 2017 ஜனவரியில் அரசாங்கம் 'பி3' கடன் திட்டத்தைக் கொண்டுவந்தது, மாத வட்டி 2.5% தாண்டக் கூடாது என்று. 1986இல் லகுனா மாகாணத்தில் தொடங்கிய 'கார்ட்' போன்ற நுண்கடன் அமைப்புகளும் உண்டு. நம் மகளிர் குழு மாதிரி பெண்கள் சேர்ந்து வாரத் தவணை கட்டுவார்கள். என் மனைவி பணம் புரட்டியது 'பலுவாகன்' சீட்டில். நம் ஊர்க் குலுக்கல் சீட்டேதான். தெரிந்த பத்துப் பேர், முகம் பார்த்துப் பழகியவர்கள். ஃபேஸ்புக்கில் ஆள் சேர்க்கும் பலுவாகன் பக்கம் போகவே போகாதீர்கள். பெரிய பணத்தோடு காணாமல் போன கதைகள் அங்கே நிறைய.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 5-6 தொழிலில் பஞ்சாபில் இருந்து வந்தவர்கள் ரொம்ப காலமாக இருக்கிறார்கள், பைக்கில் வீடு வீடாகப் போய் வசூல் செய்வார்கள். அதனால் இந்தியாவில் இருந்து வந்த யாரைப் பார்த்தாலும் 'பும்பாய்' என்றுதான் பேர். பம்பாயைப் பார்த்தே இராத எனக்கும் அதே பேர். நான் தெருவில் நடந்தால் புதிதாகக் குடிவந்தவர்கள் கதவைச் சாத்துவார்கள், வசூலுக்கு வந்திருக்கிறேன் என்று. அடம்பிடிக்கும் குழந்தையிடம் "பும்பாய் வந்து சாக்கில் போட்டுத் தூக்கிப் போயிடுவான்" என்று மிரட்டுவது அங்கே வழக்கம். என் மகளின் வகுப்பில் ஒரு பையன் அவளிடம், "உங்க அப்பா சாக்கு எங்கே?" என்று கேட்டிருக்கிறான். அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்கவில்லை, அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பஞ்சாபிகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தத் தொழிலில் வசூலுக்குப் போன இடத்திலேயே சுடப்பட்டுச் செத்தவர்கள் பலர், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் ஒரு தேசத்து மனிதர்களை எல்லாம் ஒரே பேரில் அடைப்பது வலிக்கிறது. உங்களுக்குக் குழந்தை இருந்தால் இதற்கும் தயாராகப் போங்கள்.

தொழிலுக்கு வருகிறேன். கடையில் இருந்து வரும் லாபத்தைவிட, கடை வாசலில் அவள் போட்ட அடுப்பில் இருந்து வருவது அதிகம். மத்தியானம் இரண்டரைக்கு எண்ணெய்ச் சட்டியை ஏற்றுவாள். நம் மொந்தன் மாதிரி குண்டாக இருக்கும் 'சபா' வாழை, அதிகம் கனிந்திருக்கக் கூடாது, தோலுரித்து முழுசாக எண்ணெயில். லேசாக வெந்ததும் நாட்டுச் சர்க்கரையை ஒரு கை அள்ளி எண்ணெயிலேயே வீசுவாள். அது உருகிப் பாகாகி மேலே மிதந்து, புரட்டப் புரட்டப் பழத்தில் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும். மூங்கில் குச்சியில் குத்தி எடுத்தால் 'பனானா கியூ'. பள்ளி விடும் நேரத்துக்கு வாசனை தெரு முனை வரை போகும். கடன் கேட்காத வியாபாரம் இது, குழந்தைகள் கையில் காசோடுதான் வரும். பழம் பாங்கரோஹான் சந்தையில் விடியற்காலையில் வாங்குவாள், சாயங்காலத்துக்குள் முதல் கைக்கு வந்துவிடும். அங்கே பெரிய துரித உணவு நிறுவனமான ஜாலிபீகூட 1975இல் ஐஸ்கிரீம் கடையாகத்தான் ஆரம்பித்தது. வாடிக்கையாளர்கள் ஐஸ்கிரீமை விட்டுவிட்டுச் சூடான சாண்ட்விச் கேட்டார்கள், அதன் பக்கம் திரும்பினார்கள். என்ன விற்கலாம் என்று துபாயில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். அந்தத் தெரு மூன்று மணிக்கு எதைத் தேடுகிறது என்று உங்கள் மனைவி ஒரு மாதம் பார்க்கட்டும்.

டாவோவில் மருத்துவம் படிக்க நம் பிள்ளைகள் நிறையப் பேர் வந்ததால், இட்லி தோசை மெஸ் போடச் சொல்லி எங்களையும் பலர் வற்புறுத்தினார்கள். நல்ல காசு வந்துகொண்டிருந்த நேரம் அது. என் மனைவி மறுத்துவிட்டாள், "இந்தத் தெருவில் இருக்காத ஆளை நம்பி நான் அடுப்பு வைக்கமாட்டேன்" என்றாள். 2020இல் கொரோனா வந்து மாணவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். 2021 நவம்பரில் இந்திய மருத்துவ ஆணையம் வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும் என்று விதி போட்டது. பிலிப்பைன்ஸில் எம்டி (நம் எம்பிபிஎஸ் மாதிரி) படிப்பு அப்போது நாலு வருஷம்தான், அதற்கு முந்தின பிஎஸ் இளநிலைப் படிப்பு கணக்கில் வரவில்லை. புதிதாக வருவது அப்படியே படுத்துவிட்டது. அவர்களையே நம்பியிருந்த மெஸ்களின் கதி என்ன ஆனது என்று நான் எழுத வேண்டியதில்லை. எல்லா மெஸ்ஸும் தோற்றது என்று சொல்லவில்லை, உள்ளூர் ஆட்களும் வரும்படி மாற்றிக்கொண்டவர்கள் தாக்குப் பிடித்தார்கள்.

பதிவு வேலையை நினைத்துப் பயப்பட வேண்டாம். தொழில் பெயரை டிடிஐ என்ற வர்த்தகத் தொழில் துறையின் இணையதளத்திலேயே பதிவு செய்யலாம். ஒரு பாரங்காய் எல்லைக்குள் என்றால் கட்டணம் 200 பெசோ, நகரம் முழுக்க என்றால் 500, அதோடு முத்திரைக் கட்டணம் 30. பாரங்காய் என்பது நம் வார்டு மாதிரி. பிறகு பாரங்காய் அனுமதி, நகராட்சியில் மேயர் பெர்மிட், பிஐஆர் வரிப் பதிவு. வரிப் பதிவுக்கு வருஷா வருஷம் கட்டிய 500 பெசோ 2024இல் இருந்து கிடையாது, யாராவது ஏஜென்ட் கேட்டால் கொடுக்காதீர்கள். மேயர் பெர்மிட்டை ஒவ்வொரு ஜனவரி 20க்குள் புதுப்பிக்க வேண்டும், தவறினால் அபராதம். சாப்பாடு விற்றால் சுகாதாரச் சான்றும் வேண்டும். அருகில் உள்ள நெகோசியோ மையத்தில் (டிடிஐயின் சிறுதொழில் உதவி மையம்) குறுந்தொழிலுக்கான 'பிஎம்பிஇ' சான்று கேளுங்கள். நிலத்தைச் சேர்க்காமல் சொத்து 30 லட்சம் பெசோவுக்குள் இருந்தால் தொழில் வருமானத்துக்கு வருமான வரி இல்லை, சான்று இரண்டு வருஷம் செல்லும். மற்ற வரியும் கணக்குப் புத்தகமும் அப்படியேதான் இருக்கும். ஆள் வைத்தால் டிசம்பர் 24க்குள் 13ஆவது மாதச் சம்பளம் (போனஸ் மாதிரி கூடுதலாக ஒரு மாதச் சம்பளம்) கொடுத்தாக வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கடைசியாக, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேலையை விடாதீர்கள். மனைவி முதலில் போகட்டும், நீங்கள் துபாயிலேயே இருங்கள். நீங்கள் அனுப்புவது வீட்டுச் செலவுக்கு மட்டும், ஒரு பெசோகூடக் கடைக்குள் போகக் கூடாது. அப்போதுதான் கடை தன் காலில் நிற்கிறதா என்று தெரியும். பள்ளி திறக்கும் மாதம், மழை மாதம், கிறிஸ்துமஸ் கூட்டம் எல்லாம் ஒரு சுற்று வந்த பிறகு நோட்டைப் பார்த்து நீங்கள் கிளம்புவதா வேண்டாமா என்று அவர் சொல்லட்டும். மனைவியின் ஊர் எது, வீடு ரோட்டு மேலா உள்ளேயா, பக்கத்தில் பள்ளியோ ஆலையோ உண்டா என்று எழுதுங்கள். என் மனைவியிடம் கேட்டுப் பதில் போடுகிறேன்.