ஜெனரேட்டர் சூட்டில் குளிக்க வெந்நீர் கிடைக்குமா?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் நாலு அறை வைத்து விருந்தினர் விடுதி நடத்துகிறோம். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் சாயங்காலம் முழுக்க டீசல் ஜெனரேட்டர்தான். கீசரையும் அதில் போட்டால் லோடு தாங்குவதில்லை. கொச்சியில் உல்லாசப் படகில் வேலை பார்க்கும் என் மச்சான், இன்ஜின் சூட்டிலேயே அவர்கள் வெந்நீர் எடுப்பதாகச் சொல்கிறார். இங்கேயும் முடியுமா? ரேடியேட்டரில் ஒரு குழாய் வைத்தால் போதாதா?

பதில்: மச்சான் சொல்வது உண்மைதான், உங்களுக்கும் அது முடியும். ஆனால் ரேடியேட்டரில் குழாய் வைக்கிற யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். ரேடியேட்டரில் ஓடி இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணீரைத்தான் கூலன்ட் என்கிறோம், அதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கும், அது விஷம், அதுவும் இனிக்கிற விஷம், குழந்தைகள் வந்து தங்குகிற இடத்தில் அந்தத் தண்ணீர் குளியலறைப் பக்கமே வரக்கூடாது.

படகில் கலோரிஃபையர் என்று ஒரு மூடிய டேங்க் வைத்திருப்பார்கள். சூடு வெளியே போகாதபடி சுற்றிலும் தடிமனாகப் போர்த்தியிருக்கும், உள்ளே ஒரு குழாய்ச் சுருள். இன்ஜினிலிருந்து வரும் கூலன்ட் அந்தச் சுருளுக்குள் ஓடி இன்ஜினுக்கே திரும்பிவிடும், குளிக்கிற தண்ணீர் சுருளுக்கு வெளியே நிற்கும், சூடு மட்டும் கைமாறும். டீசலில் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலைக்கு ஆகிறது, இன்னொரு பங்கு கூலன்ட்டோடும் மற்றொரு பங்கு புகையோடும் போய்விடுகிறது. படகில் மிச்சச் சூட்டைக் கடல் தண்ணீர் வாங்கிக்கொள்ளும், உங்களிடம் ஃபேன் ஊதித் தள்ளுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் கணக்குக்கு வருவோம். 100 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற நாலே முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான சூடு வேண்டும். ஜெனரேட்டர் 8 கிலோவாட் லோடில் ஓடினால் கூலன்ட்டிலும் ஏறக்குறைய அதே அளவு சூடு இருக்கும். சுருள் அத்தனையையும் வாங்காது என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்தில் டேங்க் சூடாகிவிடும், பச்சைத் தண்ணீர் விளாவினால் 20 லிட்டர் வாளியில் எட்டு வாளி வரும். போர்வை நன்றாக இருந்தால் ராத்திரி சூடாக்கியதில் காலையிலும் குளிக்கலாம்.

டேங்கை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு எஸ்டேட் பங்களாவில் ஜெனரேட்டர் கொட்டகைக்கு மேலே, மேட்டில் டேங்கை வைத்துவிட்டு, தண்ணீர் சூடாகவில்லை, இன்ஜின்தான் சூடேறி நிற்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய்த் தொட்டுப் பார்த்தேன். சுருளுக்குப் போகிற ஹோஸ் கை வைக்க முடியாத சூடு, திரும்புகிற ஹோஸ் ஜில்லென்று இருந்தது. சுருள் ரேடியேட்டர் மூடியைவிட உயரத்தில் இருந்ததால் காற்று போய் அங்கே அடைத்துக்கொண்டது. டேங்கைக் கீழே இறக்கி, ஹோஸ் வழியில் எங்கேயும் மேடு இல்லாமல் இழுத்து, காற்றை எடுத்துவிட்டதும் சரியாகிவிட்டது. அப்புறம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம்தான் கூலன்ட்டைக் கொதிக்காமல் பிடித்து வைக்கிறது, ஸ்பிரிங் தளர்ந்த பழைய மூடியை முதலில் மாற்றுங்கள்.

இரண்டு வால்வுகளில் சிக்கனம் பார்க்கவே கூடாது. இன்ஜின் நீண்ட நேரம் ஓடினால் டேங்க் 80 டிகிரியைத் தொடும், குளிக்க வருகிறவருக்கு அது தெரியாது, குழாயைத் திறந்ததும் தோல் வெந்துவிடும். அதனால் பச்சைத் தண்ணீரைத் தானே கலந்து கொடுக்கிற தெர்மோஸ்டாட் மிக்ஸிங் வால்வு கட்டாயம். அழுத்தம் கூடினால் திறந்துவிடும் சேஃப்டி வால்வு டேங்கில் இருக்க வேண்டும், அதை ஒருபோதும் அடைக்காதீர்கள்.

வெந்நீருக்காக மட்டும் ஜெனரேட்டரை ஓட்டாதீர்கள். 100 லிட்டருக்கு ஒன்றரை லிட்டர் டீசல் போல ஆகும், லோடு இல்லாமல் ஓடினால் இன்ஜினுக்குள் கரியும் படியும். கரண்ட் இருக்கிற நாளுக்கு அதே டேங்கில் ஒரு ஹீட்டர் எலிமென்ட் போட்டுக்கொள்ளுங்கள், படகிலும் கரையில் கட்டியிருக்கும்போது அப்படித்தான் செய்கிறார்கள்.

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். எங்களுடையது காற்றில் குளிரும் சின்ன ஜெனரேட்டர். சைலன்சரில் செம்புக் குழாய் சுற்றி வெந்நீர் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். புகையின் சூடு நூற்றுக்கணக்கான டிகிரியில் இருக்கும். தண்ணீர் ஓடும்வரை தொல்லை தெரியாது, யாராவது குழாயை மூடிய நிமிடம் உள்ளே நிற்கிற தண்ணீர் ஆவியாகிக் குழாய் வெடிக்கும். வீட்டில் செம்பு பாய்லர் இருந்தால் அதைத் தேய்த்து எடுத்து நாலு தேங்காய் மட்டை வையுங்கள், கரண்ட் இல்லாத நாளுக்கு அது போதும்.