உயிருள்ள பற்றீரியாவின் மேற்பரப்பை நானோ அளவில் பார்க்க முடியுமா?

கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: இலத்திரன் நுணுக்குக்காட்டியின் வெற்றிடத்துக்குள் வைத்தால் பற்றீரியா செத்துவிடுமே, பிறகு உயிரோடு எப்படிப் பார்ப்பது?

தடவித்தான். மாரி வெள்ளம் வயலை மூடினால் வரம்பு எது, பள்ளம் எது என்று தடியால் குத்திக் குத்தித்தானே நடப்போம்? அணுவிசை நுணுக்குக்காட்டி செய்வதும் அதுதான். 1986இல் பின்னிக், குவேற், கேர்பர் மூவரும் உருவாக்கியது. ஒரு மெல்லிய தகட்டின் நுனியில், சில நானோமீற்றர் கூருள்ள ஊசி. மேடு பள்ளத்தில் ஊசி ஏறி இறங்கத் தகடு வளையும். தகட்டின் முதுகில் பட்டுத் தெறிக்கும் லேசர் ஒளி அந்த வளைவைக் காட்டிக்கொடுக்கும். சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியோ ஏறத்தாழ 200 நானோமீற்றருக்குக் கீழே மங்கிவிடும்.

இது திரவத்துக்குள்ளேயே வேலை செய்யும், அதனால் பற்றீரியா சாகத் தேவையில்லை. ஆனால் நழுவும். ஜெலற்றின் பூசிய மைக்காத் தகட்டிலோ, வடிமென்தாளின் துளையிலோ பிடித்து வைக்க வேண்டும். ஊசியைக் கொஞ்சம் கூட அழுத்தினால் கலம் அமுங்கிவிடும். பாதிப் பாடு இதில்தான் என்பேன்.

2021இல் லண்டன் ஆய்வாளர்கள் உயிருள்ள ஈ.கோலைப் பற்றீரியாவை இப்படித் தடவியபோது, வெளிமென்சவ்வில் புரதத் துளைகள் நெருக்கமாக அடுக்கியிருந்தன, முல்லைத்தீவுக் கரையில் காயும் வலையின் கண்களைப் போல. இடையிடையே புரதமே இல்லாத சிறு திட்டுகள். பல நுண்ணுயிர்கொல்லிகளை உள்ளே விடாமல் மறிப்பது இந்த மென்சவ்வுதான். அதனால் அந்தத் திட்டுகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.