கால்நடை கேள்வி – பதில்: எருமைக் கன்றுக்குப் பூச்சி மருந்து எப்போது?

கேள்வி: எங்கள் பட்டியில் எருமைக் கன்றுகள் ஒன்றரை மாதத்தில் வயிறு ஊதி, களிமண் நிறத்தில் நாற்றமாகக் கழிந்து மெலிகின்றன. மூன்றாம் மாதம் பூச்சி மருந்து கொடுக்கிறோம். அதற்குள் ஒன்றிரண்டு செத்துப்போகின்றன.
– வாசகர், தம்பலகாமம்

பதில்: மூன்றாம் மாதம் மிகவும் பிந்திவிட்டது. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் டொக்சோகாரா என்ற பெரிய உருண்டைப் புழுவுக்குப் பொருந்துகின்றன. கன்று இதைப் புல்லில் எடுப்பதில்லை. தாயின் உடம்பில் உறங்கிக் கிடக்கும் குடம்பிகள் (புழுவின் இளம் பருவம்) ஈனும் காலத்தில் மடிக்கு வந்து, ஈன்றவுடன் சுரக்கும் கடும்புப் பாலோடு கன்றுக்குள் போகின்றன. தாய்க்கு மருந்து கொடுத்தாலும் உறங்கும் குடம்பிகள் பெரும்பாலும் தப்பிவிடும். கடும்பை நிறுத்தவும் கூடாது. அதுதான் கன்றுக்கு நோயெதிர்ப்பு.

மூன்றாம் கிழமையளவில் புழு முட்டையிடத் தொடங்கும். ஆகவே முதல் மருந்தைப் பிறந்த 10 முதல் 16 நாளுக்குள் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் கொடுங்கள். பென்பென்டசோல் என்ற பூச்சி மருந்தானால், கன்றின் நிறையில் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம். நிறையைக் கண்ணால் மதிக்க வேண்டாம். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை நீளத்தையும் சென்ரிமீற்றரில் எடுங்கள். சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 10,800. சுற்றளவு 75, நீளம் 65 என்றால் ஏறத்தாழ 34 கிலோ. 10 வீத மருந்தில் (ஒரு மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம்) 2.5 மில்லிலீற்றர் போதும். போத்தலில் எத்தனை வீதம் என்று பார்க்காமல் அளந்தால் கணக்கே பிழைத்துவிடும். குறைத்துக் கொடுத்தால் தப்பும் புழு மருந்துக்குப் பழகிவிடும்.

ஊசி கழற்றிய சிரிஞ்சைக் கடைவாய்ப் பக்கமாக வைத்து மெல்லப் பருக்குங்கள். தலையை அண்ணாந்து பிடித்தாலோ நாக்கை இழுத்தாலோ மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். இருமினால் உடனே தலையை விடுங்கள்.

ஏற்கெனவே வயிறு ஊதிய கன்றுக்கு நீங்களாக மருந்து கொடுக்க வேண்டாம். செத்த புழுக்கள் திரண்டு குடலை அடைக்கலாம். மிருக வைத்தியர் பார்க்கட்டும். கன்றின் சாணத்தை நாளாந்தம் அள்ளிக் குவித்து மக்க விடுங்கள். ஈர நிழலில் அந்த முட்டைகள் நெடுங்காலம் கிடக்கும்.

இன்னொன்று: தயிர்ச் சட்டிக்கென்று பாலை ஒட்டக் கறந்துவிட்டு, கன்றுக்கு வெறும் மடியை விட்டாலும் வயிறு இப்படித்தான் தொங்கும். அதற்கு மருந்து பாலே.

கேள்வி: இரண்டு மாதச் சினைப் பசுவுக்கு அல்பென்டசோல் கொடுக்கலாமா?
– வாசகி, மூதூர்

பதில்: வேண்டாம். சினையின் முதல் மூன்று மாதத்தில் அது கருவைக் கெடுக்கலாம். பென்பென்டசோல் கொடுக்கலாம். ஆனால் குளத்தடியில் மேய்ந்து தாடைக்குக் கீழ் நீர் கோத்திருந்தால் ஈரல் தட்டைப் புழுவையும் சந்தேகிக்க வேண்டும். அதற்குப் பென்பென்டசோலை நம்ப முடியாது. சாணத்தைப் பரிசோதித்த பின் மருந்தை முடிவு செய்யுங்கள். கறவை மாடானால், பால் விற்காமல் இருக்க வேண்டிய நாட்களையும் போத்தலில் பாருங்கள்.